பதிவில் உள்ள கை

அந்த மருத்துவமனையில் மனிதர்களைவிடக் கைகளுக்குத்தான் மரியாதை அதிகம். வாசலில் நுழைந்ததும் ஆளுயரக் கை ஒன்று படத்தில் நின்று வரவேற்கும். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது எல்லா ஊழியர்களும் வராந்தாவில் வரிசை கட்டி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, "கழுவாத கை என் கை அல்ல" என்று மூன்று முறை உறுதிமொழி சொல்ல வேண்டும். ஒருநாள் இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு மூச்சு நின்றுபோனது. கையை இறக்கிவிட்டு ஓடிப்போய் அவரைக் காப்பாற்றிய நர்ஸிடம், மூன்றாவது உறுதிமொழி ஏன் நிலுவையில் இருக்கிறது என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அந்த நர்ஸ்தான் நம்முடைய ஆள்.

வார்டில் அவளைச் சின்ன சிஸ்டர் என்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு யாரையுமே வேலைக்கு எடுக்காததால், முன்நெற்றியில் நரை விழுந்த பிறகும் அவள் சின்னவளாகவே இருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுதான் அவளுடைய வார்டு, எட்டுக் கட்டில்கள். நான்கு நர்ஸ் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு பேர் ஓடினார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒரு கழுவல், தொட்ட பின் ஒரு கழுவல், கட்டில் கம்பியைத் தொட்டால் ஒன்று, கையுறை போடும்முன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. இதை அவள் சலித்துக்கொண்டு செய்தவள் இல்லை. கழுவாத கையிலிருந்து தொற்று ஏறி, வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவர் போகாமலே போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் மனசாரத்தான் கழுவினாள்.

ஒவ்வொரு குழாய்க்கு மேலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கழுத்தில் தொங்கும் அட்டையைப் படித்து, இன்னார் இத்தனை முறை கழுவினார் என்று எண்ணும். கழுவி முடித்தால் பெட்டியில் பச்சை முகம் சிரிக்கும். இருபது நொடிக்குக் குறைந்தால் சிவப்பு முகம் முறைக்கும். வார்டு வாசல் பலகையில் தினசரி எண்ணிக்கை ஓடும். இலக்கு எண்பது. சின்ன சிஸ்டர் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

கழுவின கைக்குத் தடவ ஒரு களிம்பும் மருத்துவமனை வாங்கி வைத்திருந்தது. அதை அலமாரியில் பூட்டி, சாவியை நிர்வாகக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் சாவிக்காரர் வந்து திறந்து, விரல்நுனி அளவு பிதுக்கிவிட்டுப் போவார். தடவிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததும் கையைக் கழுவ வேண்டும்.

முதலில் மோதிர விரலின் ஓரத்தில் ஒரு நமைச்சல் வந்தது. மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். பிறகு விரல் பக்கங்களில் கசகசா அளவுக்குக் கொப்புளங்கள் வந்து, உடைந்து, தோல் தடித்து, மூட்டு மூட்டாக வெடித்தது. எட்டு மணி நேர வேலையில் கை வியர்வையில் வெந்து, கையுறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரத்தம் ஒட்டியிருக்கும். சானிடைசர் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். நோயாளி முகத்துக்கு நேராக அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் பல்லைக் கடித்தபடி சிரிப்பாள். அவளுக்கு எப்போதும் சிரித்த முகம் என்று நோயாளிகள் கருத்துப் புத்தகத்தில் எழுதினார்கள்.

வீட்டில் அவளும், மூன்றரை வயது மகளும், அக்காவும். கணவன் கப்பலில் சமையல்காரன், வருஷத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பவன். அக்கா வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கொடுப்பாள். வாயும் கத்தரிக்கோலும் ஒரே பதத்தில் இருக்கும். ஒரு காலையில் மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோது குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்தது.

"அம்மா, உன் கை பிறாண்டுது. பெரியம்மா பின்னட்டும்."

சின்ன சிஸ்டர் சீப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுத கண்ணைத் துடைக்கவும் கை உதவவில்லை. கண்ணீரின் உப்பு வெடிப்பில் இறங்கி எரிந்தது.

தோல் டாக்டர் அதே மருத்துவமனையில்தான் இருந்தார். கையைத் திருப்பிப் பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கை எக்ஸிமா. தண்ணி, சோப்பு, க்ளவுஸ் மூணும் சேர்ந்து பண்ணின வேலை. மருந்து தரேன், ஆனா மருந்து மட்டும் போதாது. மூணு மாசம் தண்ணி படாத வேலை வேணும். இப்ப விட்டாப் பிடிக்க முடியாது சிஸ்டர், ஆயுசுக்கும் கூடவே வரும்."

"ரெக்கார்டு ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கு டாக்டர். நீங்க எழுதிக் கொடுத்தா…"

"நான் எழுதினா அது வெறும் கருத்து. வேலையாலதான் வந்துச்சுன்னு கைக்குழு சர்டிபிகேட் கொடுக்கணும். அப்பதான் மாத்துவாங்க."

"நீங்க அந்தக் குழுவுல இல்லையா?"

"இல்ல. நான் தோல் டாக்டர், தோல் விஷயத்துல எனக்குச் சார்பு இருக்கும்னு எடுக்கல."

கைநலன், கைத்தூய்மை மற்றும் கைசார்ந்த பிற பொருட்களுக்கான உயர்மட்டக் குழு என்பது அதன் முழுப்பெயர். சொல்லி முடிப்பதற்குள் கை காய்ந்துவிடும் என்பதால் எல்லோரும் கைக்குழு என்றார்கள். அதன் தலைவர் ஒருகாலத்தில் எலும்பு டாக்டராக இருந்து, பிறகு நிர்வாகத்துக்குப் போனவர். இருபது வருஷமாக நோயாளி என்று ஒருவரைத் தொட்டதில்லை. அவருடைய கைகள் வெண்ணெய் மாதிரி இருக்கும். கூட்டங்களில் அவற்றை மேஜைமேல் எல்லோர் பார்வைக்கும் படும்படி வைத்துக்கொள்வார்.

சின்ன சிஸ்டருக்கு எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். எண்பத்து மூன்று கேள்விகள் வீட்டைப் பற்றியவை. சின்ன வயதில் தோலில் சொறி வந்ததுண்டா, தாய்வழியில் யாருக்காவது இளைப்பு உண்டா, பாத்திரம் கழுவுகிறவர் யார், எதனால் கழுவுகிறார், நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உண்டா, இருந்தால் ஏன். மருத்துவமனை பற்றி ஒரே ஒரு கேள்வி கடைசியில் இருந்தது: பணியிடத்தில் கை கழுவுவது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா? 'ஆம்', 'மிகவும் ஆம்' என்று இரண்டு கட்டங்கள் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

குழு கூடிய அறையில் குளிர்சாதனம் பல்லை நடுக்கியது. வறண்ட குளிர்காற்று எக்ஸிமாவுக்கு ஆகாது என்று தோல் டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"படிவத்தைப் பார்த்தோம்மா," என்றார் தலைவர். "உங்ககிட்ட பதினோரு ஆபத்துக் காரணிகள் இருக்கு. பெண்ணாப் பிறந்தது ஒண்ணு. சின்ன வயசுல முழங்கை மடிப்புல சொறி வந்தது ரெண்டு. வீட்டுல பாத்திரம் கழுவறது மூணு. குழந்தை நாலு. இவ்வளவு காரணிகளைச் சுமந்துக்கிட்டு ஒன்பது வருஷமா எங்க ஆஸ்பத்திரிக்குள்ள வந்து போயிருக்கீங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

"சார், வீட்டுல நான் ரெண்டு வேளை பாத்திரம் கழுவுவேன். இங்க நூத்துப் பத்துத் தடவை கை கழுவறேன்."

"இங்க கழுவறது தூய்மை. வீட்டுல கழுவறதுதான் ஈரம்." பக்கத்தில் இருந்த உறுப்பினர் செயலர் இதை அப்படியே குறித்துக்கொண்டார். தலைவர் குரலைத் தணித்து, அப்பா மாதிரி பேசினார். "நான் வெளிப்படையாவே சொல்றேன். இங்க வேலை பார்த்ததால கை கெட்டுப் போச்சுன்னு உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தோம்னு வைங்க. நாளைக்கு முந்நூறு பேர் கையை நீட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க."

"முந்நூறு பேருக்கு இருக்கா சார்?"

"இருக்கறதாலதானேம்மா கொடுக்க முடியலைங்கறேன்."

சர்டிபிகேட் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டு ஆபத்துக் காரணிகளை ஒழிக்கும் திட்டத்தில் அவளை முதல் பயனாளியாகச் சேர்த்தார்கள். அந்த வாரமே இரண்டு ஆய்வாளர்கள் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். சமையலறைத் தொட்டியில் ஒன்று, துணி துவைக்கும் இடத்தில் ஒன்று, குளியலறை வாளியில் ஒன்று என்று 'ஆபத்துக் காரணி' என அச்சடித்த தாளை ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நடுக்கூடத்தில் பொம்மைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த குழந்தையின் சட்டை முதுகிலும் ஒன்றை ஒட்டினார்.

"இதை எடுக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"நாலு வயசு முடிஞ்சா இந்தக் காரணி தானா நீங்கிடும்மா. இன்னும் அஞ்சு மாசம்தானே."

"அதுவரைக்கும் குளிப்பாட்டலாமா?"

"வேற யாராவது குளிப்பாட்டலாம்."

வேற யாராவது என்று அந்த வீட்டில் இருந்தது அக்கா ஒருத்திதான். அன்றிலிருந்து பாத்திரம், துணி, தரை துடைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. தங்கச்சி தண்ணீர்ப் பக்கம் வந்தால் கத்தரிக்கோலை நீட்டி மிரட்டுவாள். "நீ போய் உன் எட்டு பேரைப் பாரு. இந்த நாலு பாத்திரத்துக்கு நான் போதும்." குழந்தைக்கு முதுகுத் தாள் பிடித்துப்போய்விட்டது. அதை எடுத்தால் அழுதது.

வீட்டில் தண்ணீரே தொடாமல் ஒரு மாதம் ஆகியும் கை இன்னும் மோசமாகத்தான் போனது. அந்த மாதத்தில்தான் கைரேகை நின்றது.

மருத்துவமனைக்குள் யார் வந்தாலும் முன்கூடத்தில் இருக்கும் இயந்திரத்தில் விரலை வைக்க வேண்டும். ரேகை பொருந்தினால் ஒரு பெண் குரல் 'நன்றி' என்னும். பொருந்தாவிட்டால் 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்' என்னும். ஒரு காலையில் அது சின்ன சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டது. அவள் விரலை ஊதிவிட்டு வைத்தாள். துடைத்துவிட்டு வைத்தாள். பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தாள். பத்து முறையும் அந்தக் குரல் சலிக்காமல் மன்னிப்புக் கேட்டது. அவளுடைய நுனிவிரல்களில் தோல் உரிந்து உரிந்து, ரேகை என்று ஒன்று இல்லாமல் வழவழவென்று பளபளத்தது.

வருகைப் பிரிவு எழுத்தரிடம் போனாள். அவர் நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசாதவர். விதிப் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக நேசித்தார்.

"சார், மெஷின் என் விரலை எடுக்கல. நான் வந்திருக்கேன்னு நீங்க எழுதிக்குங்க."

எழுத்தர் திரையைப் பார்த்தார். "நீங்க வரலையே சிஸ்டர்."

"இதோ உங்க முன்னாடி நிக்கிறேனே."

"நிக்கிறீங்க, நான் இல்லைன்னு சொல்லல. நின்னா மட்டும் வந்ததா ஆயிடாது சிஸ்டர். வந்தது மெஷினுக்குத் தெரியணும்." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நாளைக்கு வாங்க. ஒருவேளை நாளைக்கு வருவீங்க."

அவள் தினமும் வந்தாள். எட்டுப் பேருக்கும் ஊசி போட்டு, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, இரண்டு பேரைச் சாவின் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். தினமும் பதிவேட்டில் வராதவளாகவே இருந்தாள். அதே சமயம் கழுவல் பெட்டி அவளுடைய அட்டையைப் படித்து எண்ணிக்கொண்டேதான் இருந்தது. அந்த மாதம் மருத்துவமனை முழுவதிலும் அவள்தான் முதலிடம். பெரிய சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், பலகைக்கு முன்னால் நிறுத்திப் பாராட்டினாள். "மூவாயிரத்து நானூத்துப் பன்னெண்டு. நம்ம வார்டு மானத்தைக் காப்பாத்திட்டே." அதே வாயால், "லீவு சொல்லாம முப்பத்தோரு நாள் வராம இருந்தியாமே, மெமோ வந்திருக்கு, கையெழுத்துப் போடு," என்று காகிதத்தையும் நீட்டினாள்.

அந்த மெமோவை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி கைக்குழுவின் முன் போய் நின்றாள். தலைவருக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

"முப்பத்தோரு நாளா நீங்க வேலைக்கே வரல. ஆனா கை முன்னைவிட மோசமாயிருக்கு. வேலைக்கு வராமலே நோய் கூடுதுன்னா என்ன அர்த்தம்? நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க."

"சார், நான் வந்தேன். கழுவல் கணக்கைப் பாருங்க, மூவாயிரத்துச் சொச்சம்."

உறுப்பினர் செயலர் தயங்கியபடி தலைவர் காதருகே குனிந்தார். "சார், வராதவங்க எப்படி இங்க கழுவியிருக்க முடியும்னு ஒரு சின்னச் சந்தேகம்."

தலைவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெளிந்தார். "அட்டை வந்திருக்கு. ஆள் வரல. அப்படித்தான் பதிவு சொல்லுது. ரெண்டு பதிவும் சரியாத்தான் இருக்கு. நமக்கு எதுவும் முரண்பாடு இல்லை." செயலர் அதையும் குறித்துக்கொண்டார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. நாப்பத்தஞ்சு நாள் வரலைன்னா வேலையை நீங்களா விட்டதா ஆயிடும். வேலையில இல்லாதவங்களோட கையை இந்தக் குழு பார்க்க முடியாது."

வேலை போனால் ரெக்கார்டு ரூம் போகும், மூன்று மாத ஓய்வு போகும், அத்தோடு கையும் போகும். வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எழுத்தர் தானாக எழுந்து வந்தார். அவருக்கு ராத்தூக்கம் வரவில்லையாம். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"இருநூத்து ஆறாம் பக்கம், சிஸ்டர். ரேகை தேஞ்சவங்க நெருங்கின ரத்த உறவு ஒருத்தரோட விரலைப் பதிஞ்சுக்கலாம். பென்ஷன்காரங்களுக்குன்னு போட்ட விதி. ஆனா பென்ஷன்காரங்களுக்கு மட்டும்னு எங்கேயும் போடல." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் வாழ்க்கையில் செய்த பெரிய உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் அக்கா தினமும் காலை முதல் பஸ்ஸில் தங்கச்சியோடு மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அதையும் தூக்கிக்கொண்டு வருவாள். விரலைக் கழுவிவிட்டுத்தான் வைக்க வேண்டும், வைத்த பின்னும் கழுவ வேண்டும், அது விதி. அக்கா விரலை வைத்ததும் திரையில் சின்ன சிஸ்டரின் படம் வந்து, 'நன்றி' என்றது குரல்.

"நான் எவ்வளவு படிச்சிருந்தாலும் இப்படி ஒரு வேலை கிடைச்சிருக்காது," என்றாள் அக்கா. "வந்த வேகத்துல போகவும் சொல்றாங்க. நல்ல வேலை."

சின்ன சிஸ்டர் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பதிவேட்டில் இப்போது அவள் வந்துகொண்டிருந்ததால், கைக்குழு கடைசி ஆய்வுக்கு நாள் குறித்தது. கைகளையே நேரில் பார்த்துச் சர்டிபிகேட் தருவதா இல்லையா என்று முடிவு செய்வார்களாம். பார்த்தால் தெரியாமலா போகும் என்று அவள் நம்பினாள். பச்சைப் புண்ணாக இருக்கும் கை இது, இதற்கு யார் சாட்சி சொல்ல வேண்டும் என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆய்வு நாளன்று தோல் டாக்டரையும் அழைத்திருந்தார்கள். பேசும் உரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளர் என்று அவர் முன் ஒரு பலகை இருந்தது. அறை வாசலில் ஒரு கைரேகை இயந்திரம் வைத்திருந்தார்கள். ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

சின்ன சிஸ்டர் விரலை வைத்தாள். குரல் மன்னிப்புக் கேட்டது.

"அடையாளம் தெரியாத கையைக் குழு பார்க்க முடியாது," என்றார் செயலர். "பதிவுல இருக்கற கை எங்க?"

வெளியே பெஞ்சில் குழந்தைக்கு உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் விரலை வைத்தாள். 'நன்றி' என்றது குரல். அக்காவை உள்ளே விட்டு, மேஜை விளக்குக்குக் கீழே கையை நீட்டச் சொன்னார்கள். சின்ன சிஸ்டர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், அது எங்க அக்கா கை. என் கை இது. இதைப் பாருங்க சார்."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் தொட்ட முதல் கை அது. கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு ஒன்றும், அதன் பக்கத்தில் பழைய தழும்பு ஒன்றும் இருந்தன. மற்றபடி நல்ல கை.

"வெடிப்பு இல்லை. கொப்புளம் இல்லை. ரேகை தெளிவா இருக்கு," என்றார். "அற்புதம்மா. ரெண்டே மாசத்துல."

"இது என் கைங்க," என்றாள் அக்கா. "நான் துணி தைக்கிறவ. நர்ஸு அதோ நிக்கிறா, அவ கையில ரத்தம் வடியுது, அதைப் பாருங்க."

"வீட்டுல தையலும் உண்டா? அதைப் பன்னெண்டாவது காரணியாச் சேர்த்துக்குங்க." செயலர் சேர்த்துக்கொண்டார். புகைப்படக்காரர் வந்துவிட்டதால் தலைவர் எழுந்து நின்று பேசினார். "இந்த ஆஸ்பத்திரியில கையால நடக்கிற எந்தத் தப்பும் கிடையாது. நாங்க கையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பதிவைப் பார்க்கிறோம். பதிவு சுத்தமா இருந்தா கை சுத்தமாயிடும். இந்தச் சகோதரி அதுக்கு உதாரணம். வீட்டுக் காரணிகளை ஒழிச்சோம், நோய் போயிடுச்சு. இதை எல்லா ஊழியர்கள் வீட்டுக்கும் கொண்டு போகப் போறோம்."

சின்ன சிஸ்டர் தோல் டாக்டரைப் பார்த்தாள். அவர் தன் முன்னால் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துக்குக் காகிதம் வந்தபோது, 'ஆய்வுக்கு முன்வைக்கப்பட்ட கையில் நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போகும்போது அவளைத் தாண்டுகையில் ஒரு களிம்புக் குழாயை அவள் பைக்குள் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். அவள் அவரை அன்று வெறுத்தாள். தலைவரைக்கூட அவ்வளவு வெறுக்கவில்லை.

அவளுக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. பூரண குணமடைந்தார் என்று அதில் இருந்தது. ரெக்கார்டு ரூமில் இருந்த காலி இடத்தை உறுப்பினர் செயலரின் மருமகனுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு எழுதினால் விரல் வலிக்குமாம். இரண்டு வாரத்தில் எல்லாக் குழாய்களுக்கு மேலும் புதுப் படம் மாட்டினார்கள். கத்தரிக்கோல் காய்ப்பும் தழும்பும் உள்ள இரண்டு கைகள் மலர்போல விரிந்திருக்க, கீழே 'இந்தக் கை குணமானது, உங்கள் கை?' என்று கேட்டிருந்தார்கள். நாளொன்றுக்கு நூற்றுப் பத்து முறை சின்ன சிஸ்டர் அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டே தன் கைகளைக் கழுவினாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. பெட்டியில் பச்சை முகம் சிரித்தது.

அப்படி மூன்று மாதம் போனது. மகளுக்கு நான்கு வயது முடிந்தது. வீட்டிலிருந்து ஒரு ஆபத்துக் காரணி நீங்கியதற்கு மருத்துவமனையிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, அக்கா விரலை வைத்ததும் குரல் மன்னிப்புக் கேட்டது. அக்கா சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"வேர்வையா இருக்கும்," என்றாள்.

"காட்டு."

"ஒண்ணும் இல்லடி. ஊசி குத்தினது."

"அக்கா, காட்டு."

சின்ன சிஸ்டர் முந்தானையை விலக்கினாள். மோதிர விரலின் ஓரத்தில் தோல் தடித்திருந்தது. விரல் பக்கங்களில் கசகசா அளவுக்குக் கொப்புளங்கள். நுனிவிரல் வழவழவென்று பளபளத்தது. பாத்திரமும், துணியும், தரையும், குழந்தைக் குளியலும் சேர்ந்து செய்த வேலை. மூன்று பேர் ஈரத்தையும் ஒருத்தியே சுமந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, துணி பிடிக்க முடியாமல் இரண்டு வாரமாகத் தையலுக்குத் துணி வாங்குவதில்லை என்று மட்டும் அக்கா சொன்னாள். அவளுக்குச் சோறு போட்ட கை அது. சின்ன சிஸ்டர் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டும் சொரசொரவென்று உரசின.

எழுத்தர் பரிதாபப்பட்டார். "வருத்தப்படாதீங்க சிஸ்டர். விதியில ஒரு ரத்த உறவுன்னுதான் இருக்கு, இன்ன உறவுன்னு இல்லை. பாப்பாவுக்கு நாலு முடிஞ்சிருச்சுல்ல?"

அக்கா தங்கச்சியைப் பார்த்துக்கொண்டும், தங்கச்சி அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டும் நின்ற நேரத்தில் அவர் குழந்தையைத் தூக்கி முக்காலியில் நிற்க வைத்துவிட்டார். மூன்று மாதமாகத் தினமும் பெரியம்மா அதைச் செய்வதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த குழந்தை. சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி அழுத்தியது. எழுத்தர் இரண்டு பொத்தான்களைத் தட்டினார். மறுபடி வைக்கச் சொன்னார். திரையில் சின்ன சிஸ்டரின் படம் வந்தது. 'நன்றி' என்றது குரல்.

"அம்மா, எனக்கு நன்றி சொல்லுச்சு."

"வெச்ச விரலைக் கழுவணும் பாப்பா," என்றார் எழுத்தர். "விதி."

குழந்தைக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. அது முக்காலியை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடி, ஏறி நின்று, பெரியம்மா கைகளின் படத்துக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் நீட்டியது. தண்ணீர் விழுந்தது. சோப்பு நுரைத்தது. பத்து விரல்களும் புத்தம்புதுசாக இருந்தன. வராந்தாவில் மற்றவர்கள் கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு உறுதிமொழியைத் தொடங்கியிருந்தார்கள்.

சின்ன சிஸ்டர் போய்க் குழாயை மூடினாள். இருபது நொடி ஆகாததால் பெட்டியில் சிவப்பு முகம் முறைத்தது. அவள் கழுத்து அட்டையைக் கழற்றி அதன் மேலேயே தொங்கவிட்டாள். குழந்தையின் கைகளைத் தன் மேல்கோட்டால் ஈரம் போக ஒற்றினாள். ஒவ்வொரு விரலிடுக்காக, நோயாளிக்குச் செய்வது போல நிதானமாக.

"டியூட்டிக்கு நேரமாச்சுடி," என்றாள் அக்கா.

"ஆமாக்கா. வா, போலாம்."

மூன்று பேரும் ஆளுயரக் கையைத் தாண்டி வெளியே போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் எட்டுக் கட்டில்களுக்கும் அன்று ஒரே ஒரு நர்ஸ்தான் ஓடினாள். அவள் தனியாக எப்படி ஓடினாள், எட்டுப் பேரும் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் பதிவில் இல்லை. பதிவில் இருப்பது இவ்வளவுதான்: சின்ன சிஸ்டர், வருகை காலை ஆறு ஐம்பத்தெட்டு. ரேகைத் தெளிவு நூற்றுக்கு நூறு.